இடைவெளி மேல் என்ன கோபம்?

செயற்கைக் கிறிஸ்துமஸ் மரத்தை எப்படி விரித்து நிறுத்துவது என்று சொல்லித்தரும் குறிப்புகள் நவம்பர் பிறந்தாலே வரிசைகட்டி வரும். பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருபவை. பத்திரிகைப் பத்தி, காணொளி, மரம் விற்கும் கம்பெனி பெட்டிக்குள் போட்டுத் தரும் கையேடு என்று வடிவம் எதுவானாலும் இரண்டு சொல் தப்பாமல் இருக்கும். மரம் அடர்த்தியாகவும் இயல்பாகவும் தெரிய வேண்டும். அந்த இரண்டு ‘வும்’ பற்றித்தான் இந்தக் குறிப்பு. அடர்த்தி சரி. இயல்பு சரி. இரண்டும் ஒரே மரத்தில், ஒரே கைவேலையில் சேர்ந்து கிடைக்கும் என்று எப்படி முடிவாச்சு? எழுதுகிற யாரும் இதைக் கேட்பதில்லை. அடர்த்தியாக இருந்தால் இயல்பாகத்தானே இருக்கும் என்பதுபோல அடுத்த வரியிலேயே கம்பியை வளைக்கப் போய்விடுகிறார்கள்.

முதலில் அந்தக் கைவேலைக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். அது நல்ல வேலை. பதினொரு மாதம் பெட்டிக்குள் நசுங்கிக் கிடந்த மரம் வெளியே வரும்போது மடக்கிய குடை மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு கிளையிலும் உள்ள சிறுகிளைகள் எல்லாம் ஒரே திசையில் படிந்திருக்கும். அதை அப்படியே நிறுத்தினால் நடுத்தண்டு பளிச்சென்று தெரியும். அதனால் தண்டை ஒட்டிய சிறுகிளையில் தொடங்கி வெளிநுனி வரை ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், ஒன்று மேல்நோக்கி. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போகும் முன் நாலடி தள்ளி நின்று பார்க்கச் சொல்கிறார்கள். கையுறை போடச் சொல்கிறார்கள், ஏன்னா இரண்டு மணி நேரம் அந்தப் பிளாஸ்டிக் முள்ளைத் தடவினால் கை சிவந்துபோகும். விளக்குச் சரத்தை வெளியே மட்டும் சுற்றாமல் தண்டுவரை உள்ளே கொண்டுபோய்த் திரும்ப வெளியே கொண்டுவரச் சொல்கிறார்கள். இது மிக நல்ல யோசனை. உள்ளே வெளிச்சம் இருந்தால்தான் மரத்துக்கு ஆழம் வரும், இல்லாவிட்டால் சுவரில் வரைந்த முக்கோணம்தான்.

இதுவரை குறையில்லை. அதற்குப் பிறகு வரும் பாதிதான் வேறு மாதிரி. எங்கே ஓட்டை தெரிந்தாலும் அடை என்கிறது அந்தப் பாதி. ஜிகினாச் சரத்தை உள்ளே திணி. அகல ரிப்பனை மடித்துச் செருகு. செயற்கைப் பெர்ரிக்கொத்து, பனி தூவிய குச்சி, தனியாக விற்கும் பச்சைக் கிளை, எது கிடைத்தாலும் வை. தண்டில் பச்சைத் தோரணத்தைச் சுற்று. நம்ம ஊரில் பின்னலுக்குள் சவுரி வைக்கிற அதே வேலை. சவுரியில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. சவுரி வைத்த பின்னலை யாரும் ‘இயல்பான கூந்தல்’ என்று விளம்பரம் செய்வதில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த மரம் எதன் நகல் என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் விளங்கும். மலிவான மரங்களின் முள், பிவிசி தாளை மெல்லிய இழைகளாகக் கீறி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே கொடுத்து முறுக்கிச் செய்வது. பாட்டில் கழுவும் பிரஷ் செய்வதும் இப்படித்தான். இது வெறும் உவமை இல்லை. 1930களில் அடிஸ் என்ற பிரஷ் கம்பெனி, கழிப்பறை பிரஷ் செய்யும் எந்திரத்திலேயே பச்சைச் சாயமிட்ட மயிரைக் கொடுத்து மரம் செய்தது என்பது இந்தத் தொழிலின் வரலாற்றைச் சொல்பவர்கள் எல்லோரும் சொல்லும் கதை. பிரஷ்ஷின் இலக்கணம் அடர்த்தி. சுற்றிலும் ஒரே நீளம், ஒரே நெருக்கம். பிரஷ்ஷில் இடைவெளி விழுந்தால் அது பழுதான பிரஷ். அந்த இலக்கணம் அப்படியே மரத்துக்கும் வந்துவிட்டது.

விலை கூடிய மரங்கள் வேறு வகை. உண்மையான கிளையிலிருந்து அச்சு எடுத்து, அதில் பாலிஎத்திலீனை வார்க்கிறார்கள். முள்ளின் பருமன், நடுவில் ஓடும் கோடு, நுனியில் கொஞ்சம் வெளிறிய பச்சை எல்லாம் வந்துவிடும். கையில் ஒரு கொத்தை மட்டும் பிடித்துப் பார்த்தால் ஏமாந்துபோகும் அளவுக்கு நன்றாகவே செய்கிறார்கள். இந்தக் கொத்துகளை வெளிவிளிம்பில் வைத்து, உட்பக்கம் பழைய பிவிசி பிரஷ்களால் நிரப்பி, இரண்டும் கலந்த மரமாக விற்பதுதான் பரவலான வழக்கம். கொத்து அசலின் நகல்தான், சந்தேகமில்லை. மரம்? ஆயிரக்கணக்கான நல்ல கொத்துகளை ஒரு கூம்பின் மேல் ஒட்டினால் கூம்புதான் கிடைக்கும். பெட்டியின் மேல் நுனிகளின் எண்ணிக்கையைப் பெரிதாக அச்சிடுகிறார்கள், வாங்குபவரும் அதை வைத்தே ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார். நாவலைப் பக்கக் கணக்கில் எடைபோடுவது மாதிரி. எண்ணக்கூடியது அது ஒன்றுதான் என்பதால் அதுவே தரமாகிவிட்டது.

காட்டில் தானாக வளர்ந்த ஃபிர் மரமோ ஸ்ப்ரூஸ் மரமோ எப்படி இருக்கும்? இரண்டும் ஊசியிலை மரங்கள், கிறிஸ்துமஸ் மரம் என்று ஐரோப்பாவில் பெயர் வாங்கியவை. நுனித்தண்டு வருடத்துக்கு ஒருமுறை மேலே நீளும். அந்த நீளத்தின் அடியில் ஒரு வட்டமாகக் கிளைகள் கிளம்பும். அடுத்த வருடம் இன்னொரு நீளம், இன்னொரு வட்டம். ஆக, மரத்தின் அடுக்குகளை எண்ணினால் வயது ஏறக்குறைய வந்துவிடும். நல்ல மழையும் வெயிலும் கிடைத்த வருடத்தில் இரண்டு அடுக்குக்கு நடுவே இடம் அகலம், வறண்ட வருடத்தில் குறுகல். வட்டங்களுக்கு நடுவே சின்னக் கிளைகளும் வரும், ஆனால் அடுக்கை மறைக்கும் அளவுக்கு இல்லை. உச்சியில் இளங்கிளைகள் வானத்தைப் பார்க்கும், நடுவில் படுக்கையாகும், அடியில் தன் பாரத்தால் தொங்கி நுனியில் மட்டும் சற்றே நிமிரும். உள்ளே வெளிச்சம் போகாது. அதனால் தண்டை ஒட்டிய பகுதியில் பழைய முட்கள் உதிர்ந்து வெறும் பழுப்புக் குச்சிதான் இருக்கும். ஒரு பக்கம் வேறொரு மரம் நெருங்கி நின்றிருந்தால் அந்தப் பக்கம் மெலிந்திருக்கும்.

அதாவது, இயல்பான மரத்தைத் தயாரிப்பது இடைவெளிதான். அடுக்குக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் மரத்தின் குறை இல்லை, மரத்தின் வருஷக்கணக்கு. குறிப்புகள் எதை ஓட்டை என்று அடைக்கச் சொல்கின்றனவோ அதுதான் ஒரு மரத்தை மரமாக அடையாளம் காட்டுகிறது.

‘அப்படியானால் கடையில் விற்கும் அசல் மரம் அடர்த்தியாக இருக்கிறதே?’ என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். அங்கேதான் சங்கதி இருக்கிறது. அமெரிக்காவில் 1901இலேயே நியூஜெர்சியில் ஒருவர் வளர்த்து விற்பதற்கென்று ஸ்ப்ரூஸ் கன்றுகளை வரிசையாக நட்டுவிட்டார். ஆனாலும் 1940களின் கடைசி வரை அங்கே விற்ற மரங்களில் பெரும்பகுதி காட்டிலிருந்து வெட்டி வந்தவைதான். அதற்குப் பிறகுதான் பண்ணை மரம் சந்தையைப் பிடித்தது. பண்ணையில் நடப்பது கவாத்து. தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தானாக விட்டால் மரமாக உயர்ந்துவிடும் செடியை வெட்டி வெட்டித்தான் மேசைபோல ஆக்கி வைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸ் மரத்தை மேசைக்குப் பதில் கூம்பாக வெட்டுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இது வேலைசெய்யும் விதம் எளியது. நுனிமொட்டில் ஊறும் ஆக்சின் என்ற சுரப்பு கீழே இறங்கி, பக்கமொட்டுகளை விழிக்கவிடாமல் அடக்கி வைக்கும். நுனியை வெட்டினால் அடக்க ஆளில்லை, பக்கமொட்டுகள் ஒன்றுக்கு மூன்றாக வெடிக்கும். அடுத்த வருடம் அந்த மூன்றின் நுனியையும் வெட்டு. பைன் மரமாக இருந்தால் புதுத்தளிர் இளசாக இருக்கும் ஜூன், ஜூலை வாக்கில்தான் வெட்ட வேண்டும், அப்போதுதான் வெட்டிய இடத்திலேயே மொட்டு கட்டும். ஃபிர், ஸ்ப்ரூஸ் மரங்களுக்குக் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, கிளையின் நடுவிலும் அவற்றுக்கு மொட்டு உண்டு. கன்று நட்ட மூன்றாம் நாலாம் வருடத்திலிருந்து நீளக் கத்தியை எடுத்துக்கொண்டு வருடா வருடம் மரத்தைச் சுற்றி வந்து வீசுகிறார்கள். மேலே நீளும் தண்டையும் சுமார் ஓரடிக்கு மேல் விடுவதில்லை, விட்டால் அடுக்குகளுக்கு நடுவே இடம் தெரிந்துவிடுமே. ஆறேழு அடி உயரத்துக்கு வர ஏழிலிருந்து பத்து வருடம் ஆகும். அத்தனை வருடமும் இதே வேலைதான்.

டென்மார்க்கில் வளர்க்கும் நார்ட்மன் ஃபிர் மரத்துக்கு இவ்வளவு வெட்டு இல்லை. அதன் விதை ஜார்ஜியா நாட்டு மலைகளிலிருந்து வருவது, மரம் இயல்பிலேயே வடிவானது. ஆனாலும் நுனித்தண்டு வேகமாக நீளாமலிருக்க, அதன் பட்டையில் காயம் செய்யும் ஒரு தனி இடுக்கியை அங்கே பயன்படுத்துகிறார்கள். சாறு ஓட்டம் குறையும், வளர்ச்சி மட்டுப்படும், இடைவெளி குறுகும். அமெரிக்கப் பண்ணைகளில் ஸ்காட்ஸ் பைன் இலையுதிர் காலத்தில் மஞ்சளடிக்கும் என்பதால் வெட்டுவதற்கு முன்னால் பச்சைச் சாயம் தெளிப்பதும் உண்டு. அசல் மரத்துக்குப் பச்சைப் பெயின்ட்! அமெரிக்க விவசாயத் துறை 1989இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் மரத் தரவிதிகளில் அடர்த்தியும் ஓர் அளவுகோல். லேசு, நடுத்தரம், அடர்வு என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். இடைவெளி உள்ள மரம் சட்டப்படியே இளைத்த மரம்.

ஆகவே பிளாஸ்டிக் மரம் நகலெடுப்பது காட்டு மரத்தை அல்ல, கவாத்து செய்த பண்ணை மரத்தை. அந்தப் பண்ணை மரமே ஒரு கூம்பு வடிவக் கற்பனைக்கு ஏற்ப செதுக்கிய பொருள். நகலுக்கு நகல். இதில் ‘இயல்பு’ என்ற சொல் எங்கே வந்து உட்காருகிறது என்று யோசித்துப் பாருங்க.

இந்தக் கற்பனை அவ்வளவு பழையதும் இல்லை. 1848இல் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் பத்திரிகையில் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் வந்தது. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் கோடீஸ் லேடீஸ் புக் என்ற மாத இதழ் அரசியின் முடியையும் ஆல்பர்ட்டின் மீசையையும் எடுத்துவிட்டு, ஏதோ ஓர் அமெரிக்கக் குடும்பம் மாதிரி அதே படத்தைப் போட்டது. கிறிஸ்துமஸ் மரம் ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரவியதற்கு இந்தப் படத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அந்த மரத்தைக் கவனித்துப் பாருங்கள். மேசை மேல் வைத்த சின்ன மரம். தெளிவாக அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் மெழுகுவர்த்தி, அடுக்குகளுக்கு நடுவே தொங்கும் தின்பண்டமும் பொம்மையும். இன்றைய குறிப்பு எழுதுபவரிடம் கொடுத்தால் பாதி நாளைக்கு ‘நிரப்பிக்’கொண்டிருப்பார்.

மெழுகுவர்த்தி இருக்கும் மரத்தில் இடைவெளி அழகு மட்டுமில்லை, உயிர்ப் பாதுகாப்பு. சுடருக்கு நேர் மேலே கிளை இருக்கக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் செய்யத் தொடங்கிய முதல் செயற்கை மரங்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டவை. வாத்து இறகை நடுக்காம்போடு கீறி, பச்சைச் சாயத்தில் முக்கி, கம்பியில் சுற்றி, அந்தக் கம்பிகளை ஒரு மரக்கோலில் பதித்தார்கள். கிளை நுனியில் ஒரு சிவப்பு மணி அல்லது மெழுகுவர்த்திக் கிண்ணம். கிளைக்கும் கிளைக்கும் நடுவே தாராளமான இடம். இறகு மரத்தைப் பார்த்தால் யாரும் அசல் என்று ஏமாறமாட்டார்கள். ஆனால் மரத்தின் எலும்புக்கூடு அதில் சரியாக இருக்கிறது. முள் பொய், கட்டமைப்பு மெய். இன்றைய பாலிஎத்திலீன் மரத்தில் முள் மெய், கட்டமைப்பு பொய். செயற்கை மரங்களில் எனக்கு எது உயர்ந்தது என்று கேட்டால் யோசிக்காமல் இறகு மரத்தைத்தான் சொல்வேன்.

1882இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 மின்விளக்குகளை எரியவிட்டார். அது எல்லோர் வீட்டுக்கும் வர இன்னும் பல வருடம் ஆனது. ஆனால் வந்தபின் இடைவெளிக்கு இருந்த காரணம் போய்விட்டது. போனது மட்டுமில்லை, எதிர்க்காரணம் ஒன்றும் வந்தது என்பது என் ஊகம். மெழுகுவர்த்தியை ஒளிக்கத் தேவையில்லை, அது தன்னளவில் அழகு. மின்கம்பி அப்படியல்ல. பச்சை ஒயரை மறைக்கப் பச்சை வேண்டும், நெருக்கமான பச்சை. அடுக்கு மரத்தில் ஒயர் ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம் துணிக்கொடி மாதிரி தெரியும். கவாத்து மரத்தில் தெரியாது. அடர்த்தி மேல் வந்த ஆசையில் பாதி இந்த ஒயரை மறைக்கும் ஆசை என்றே நினைக்கிறேன்.

நடுவில் ஒருமுறை மட்டும் செயற்கை மரம் தன்னை மரம் என்று சொல்லிக்கொள்வதையே விட்டது. 1959 வாக்கில் விஸ்கான்சின் மாநிலத்து மானிட்டவாக் ஊரிலிருந்து அலுமினியம் ஸ்பெஷால்டி கம்பெனி ‘எவர்க்ளீம்’ என்ற வெள்ளித்தகடு மரத்தை இறக்கியது. துளைபோட்ட கோலில் ஜரிகைக் கிளைகளைச் செருக வேண்டும். உலோகம் என்பதால் மின்சரம் சுற்றக்கூடாது, ஷாக் அடிக்கும். அதனால் தரையில் வண்ணச்சக்கரம் சுழலும் ஒரு விளக்கை வைத்து, மரத்தைச் சிவப்பாகவும் நீலமாகவும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கேலிக்கு ஆளான மரம் அது. எனக்கு அதன் மேல் ஒரு மதிப்பு உண்டு. இயல்பு என்று எதையும் அது உரிமை கொண்டாடவில்லை.

அந்தக் கேலியின் உச்சம் 1965 டிசம்பர் 9ஆம் தேதி சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த ‘எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்’. சார்ல்ஸ் ஷுல்ஸ் எழுதியது. பெரிய பளபளப்பான அலுமினிய மரம் வாங்கிவரச் சொன்னால், சார்லி பிரவுன் முள்ளுதிரும் ஒரு நோஞ்சான் அசல் மரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறான். ஒற்றைக் குண்டைத் தொங்கவிட்டதும் அது தலைசாய்ந்துவிடுகிறது. வியாபாரத்துக்கு எதிரான படம், எளிமையைக் கொண்டாடும் படம் என்று அறுபது வருடமாகச் சொல்லிவருகிறோம். சரிதான், ஆனால் கடைசிக் காட்சியை இன்னொரு தரம் போட்டுப் பாருங்க. பிள்ளைகள் எல்லோரும் ஸ்னூப்பியின் நாய்வீட்டு அலங்காரங்களைக் கொண்டுவந்து மரத்தைச் சுற்றி நின்று கையை ஆட்டுகிறார்கள். விலகும்போது அந்த மரம் அடர்ந்து, கூம்பாகி, குண்டாக நிற்கிறது! இத்தனை கிளை எங்கிருந்து வந்தது? அன்பு காட்டினால் மரம் தேறிவிடும் என்று கதை சொல்கிறது. தேறியதற்கு அடையாளம் என்ன? அடர்த்தி. இடைவெளி உள்ள மரத்தை நாயகனாக்கிய ஒரே படமும் முடிவில் அதை அப்படியே ஏற்க முடியாமல் நிரப்பிவிட்டது. சவுரி வைத்துத்தான் பெண்பார்க்க அனுப்பினார்கள்.

அடர்த்தி அசிங்கம் என்று நான் சொல்லவில்லை. பூக்காரம்மாவிடம் ‘நெருக்கமா கட்டினதா கொடுங்க’ என்று கேட்டு வாங்குகிறவன்தான் நானும். ஆனால் சரம் என்பது கட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். மல்லிகைக்கொடி அப்படித்தான் பூக்கும் என்று யாரும் சொல்வதில்லை. கிறிஸ்துமஸ் மரத்தையும் அப்படி ஒரு கட்டிய பொருளாக, பெரிய பச்சைப் பூச்செண்டாக எடுத்துக்கொண்டு நிரப்புங்கள், தாராளமாக. ரிப்பனும் பெர்ரியும் அதற்குப் பொருந்தும். அதற்கு இயல்பு என்று பெயர் வைக்கும்போதுதான் ஒரு தப்பு நடக்கிறது. அலமாரியில் பத்து வருடமாக நல்லபடியாக இருக்கும் மரம் திடீரென்று ‘இளைத்ததாக’, ‘பொய்யாக’ தெரியத் தொடங்குகிறது. இன்னும் அதிக நுனி உள்ளதை வாங்கத் தோன்றுகிறது. மாண்ட்ரியாலின் எலிப்சோஸ் என்ற ஆலோசனை நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஆய்வு, வருடந்தோறும் அசல் மரம் வாங்குவதைவிடச் செயற்கை மரம் சூழலுக்கு நல்லது என்று சொல்ல வேண்டுமானால் அதையே சுமார் 20 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. இந்தக் குறிப்புகளைப் படிக்கிறவர் கையில் ஒரு மரம் 20 வருடம் தங்குவது கஷ்டம். பரணில் ஏற்கெனவே இருக்கும் மெலிந்த மரம்தான் இதில் தோற்றுப்போவது.

இயல்புதான் வேண்டும் என்பவருக்குக் குறிப்பு வேறு மாதிரி இருக்க வேண்டும். அடிவரிசைக் கிளைகளைக் கம்பியோடு பிடித்துக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, நுனியை மட்டும் நிமிர்த்துங்கள். நடுவரிசை படுக்கையாக. உச்சியில் உள்ளவை நாற்பத்தைந்து பாகைக்குக் குறையாமல் மேல்நோக்கி. சிறுகிளைகளை எல்லாத் திசையிலும் பிரிக்காதீர்கள். ஃபிர், ஸ்ப்ரூஸ் கிளைகள் பெரும்பாலும் விசிறி மாதிரி ஒரே தளத்தில் விரிபவை, ஆகவே இடமும் வலமும் போதும், மேலே நிமிர்த்த வேண்டாம். ஓர் அடுக்கின் கிளைகளை ஒன்றாகச் சேர்த்து, அடுத்த அடுக்குக்கு முன் இடம் விடுங்கள். கீழே அகலமான இடம், மேலே போகப்போகக் குறுகல். தண்டைப் பச்சையால் சுற்றாமல் பழுப்புக் காகிதமோ சணல் துணியோ சுற்றுங்கள். விலை கூடிய சில மரங்களில் தண்டை ஒட்டிய முட்களைப் பழுப்பு நிறத்திலேயே செய்கிறார்கள். இந்தத் தொழிலில் உண்மையான மரத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவராவது இருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. கனமான குண்டுகளை அடுக்குகளின் நடுவே, தண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிடலாம். பாட்டில் பிரஷ் வகை மரத்தில் இது முழுசாக வராது, முள் சுற்றிலும் இருப்பதால். பாதி வரும். பாதியே போதும்.

சந்தைக்கும் இது தெரியாமல் இல்லை. கலிபோர்னியாவில் சில்வர்டிப் என்று விற்கும் சிவப்பு ஃபிர் மரம் அடுக்கடுக்காக, நடுவே நிறைய இடத்தோடு நிற்பது. அதற்கு விலை அதிகம். கண்ணாடிக் குண்டு தொங்க இடம் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். ‘ஆல்பைன்’ என்ற பெயரில் வேண்டுமென்றே மெலிந்த செயற்கை மரங்களும் வந்துவிட்டன. இடைவெளியையும் கூடுதல் விலைக்கு விற்கக் கற்றுக்கொண்டாகிவிட்டது!

நம் பக்கம் கதை இன்னும் விசேஷம். தமிழ்நாட்டு நர்சரிகளில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது அரக்கேரியா, பசிபிக் தீவுகளிலிருந்து வந்த செடி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கிடைக்காத இடத்தில் சவுக்குக் கிளையை வெட்டி வந்து மண் நிரப்பிய வாளியில் நடும் வழக்கம் உண்டு. சவுக்கு ஊசியிலை மரமே இல்லை. முள் மாதிரித் தெரிவது இலையும் இல்லை, பச்சையான மெல்லிய கிளை. உண்மையான இலை, அதன் கணுக்களில் பல்வரிசை போல ஒட்டியிருக்கும் பொடிச் செதில். காற்றில் கூந்தல் மாதிரி ஆடும், எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கூம்பாகாது. குண்டு கட்டினால் தாழும், நட்சத்திரமும் பஞ்சும்தான் தாங்கும். அதை யாரும் நிரப்பப் பார்த்ததில்லை. நிரப்பவும் முடியாது.

அரக்கேரியாவுக்குத்தான் இப்போது சங்கடம். காட்டு ஃபிர் மரத்தைவிடத் துல்லியமான அடுக்கு அதற்கு. தொட்டியில் நாலடிச் செடியாக இருக்கும்போதே அளந்து வைத்த மாதிரி வட்டம், அதற்குமேல் வெறும் தண்டு, மறுபடி வட்டம். பிளாஸ்டிக் மரத்தைக் கடையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வளராத பிள்ளை மாதிரி தெரிகிறது. ‘என்ன இப்படி எலும்பா இருக்கு, நுனியை வெட்டிவிட்டா புதர் மாதிரி வருமா’ என்று நர்சரியில் கேட்பவர்கள் உண்டு. வராதுங்க. அரக்கேரியாவின் நுனியை வெட்டினால் அந்த நேர்த்தி போய்விடும், பக்கக்கிளை எதுவும் நிமிர்ந்து நுனியின் இடத்தைப் பிடிக்காது. அதன் பக்கக்கிளையை வெட்டி நட்டாலும் படுக்கையாகவேதான் வளரும். செடியை வாங்கியவர் ஜிகினாச் சரத்தை அடுக்குக்கு அடுக்கு சுற்றுவதைவிட, அந்த வெறும் தண்டுப் பகுதியில் ஒவ்வொரு காகித நட்சத்திரத்தை நூலில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். ஓர் அடுக்குக்கு மூன்று போதும், கிளைக்குப் பாரமில்லை, ஜனவரியில் கழற்றவும் சுலபம்.